லேப் அக்கா திட்டினால் நல்லது

எங்கள் தெருவில் லேப் அக்கா யாரையாவது 'நீங்க' என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. 'வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா' என்று கேட்டுவிட்டால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போன் போகும். வெளியாட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான்.

அக்காவுக்கு இயல்பான பேச்சு என்பது திட்டுதான். மரக்காணத்திலிருந்து காலையில் பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் நானும் அவளும் பல வருஷம் ஒன்றாகப் போய் வந்தோம். எனக்கு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த லேபில் வேலை. ஏறும்போதே தொடங்கிவிடுவாள். "ஏம்பா கண்டக்டர், பஸ்ஸை நிறுத்தி ஏத்துவியா, ஓடவிட்டு சர்க்கஸ் காட்டுவியா?" என்பாள். படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களுக்கு ஒரு பங்கு, முழங்கையால் இடிக்கிற பெரியவருக்கு ஒரு பங்கு. கடைசியில் என் பக்கம் திரும்புவாள். "எண்ணெயே காணாத தலையோட வேலைக்குப் போவுது பாரு. உன் கடை வாசல்ல சேலை கட்டி நிக்கவெச்சிருக்கற பொம்மைகூட உன்னவிட லட்சணமா தலை வாரியிருக்குது."

குள்ளமான உருவம், கனத்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. அப்பா உப்பளத்தில் கூலி வேலை பார்த்துப் பெண்ணைப் படிக்கவைத்தவர். அவரோடுதான் இருந்தாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வருவாள். பிரசங்கம் நீண்டுவிட்டால் ஃபாதருக்கும் கிடைக்கும். பஸ் உப்பளங்களை ஒட்டிப் போகும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். "நாள் பூரா இருட்டு ரூம்ல கண்ணை வெச்சிருக்கேன்டி. இந்த வெள்ளையைப் பார்த்தா கண்ணு அவிஞ்சிடும்."

இப்போது அவள் எங்கள் தெருவில் இல்லை. அப்பா போன பிறகு, வேலையிலிருந்தும் ஓய்வுபெற்று, தங்கை குடும்பத்தோடு காரைக்கால் பக்கம் போய்விட்டாள்.

முதலில் நடந்தது மீன்காரம்மாவுக்கு. கூடையை இறக்கியதுமே அக்கா வாசலுக்கு வந்துவிடுவாள். "இது நேத்து செத்ததா, போன அமாவாசைக்குச் செத்ததா?" அந்தம்மாவும் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரின் சத்தத்தில்தான் தெருவே எழுந்திருக்கும். ஒருநாள் அக்கா பேரம் பேசாமல் மீனை வாங்கினாள். "வெயில்ல நடந்து வர்றீங்க, கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். மீன்காரம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ நல்ல மனசா! நான்தான் தப்பா நெனைச்சிட்டேன்." அதற்குச் சில மாதம் கழித்து அவள் இறந்துபோனாள். புற்று என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே தெரியுமாம். வயிற்றில் சாதாரணக் கட்டி என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

அடுத்தது தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார். அவரிடமும் வீட்டில் நோயை மறைத்திருந்தார்கள். அவர் விவரமானவர். மீன்காரம்மா கதையை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். ஒருநாள் காலை தன் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் அக்கா வீட்டு கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் அந்தச் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அக்கா வெளியே வந்தாள். ஸ்கூட்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தானே அதை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். "பரவாயில்லைங்க சார், நீங்க பொறுமையா எடுங்க." அவர் வண்டியை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு நடந்துபோய், பெங்களூரில் இருக்கிற மகனை வரச்சொல்லுமாறு மனைவியிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு தெருவுக்கே புரிந்துவிட்டது. அக்கா யாருடைய ரிசல்ட்டையும் வாய் திறந்து சொன்னவள் இல்லை. கேட்டால் "டாக்டரைப் போய்க் கேளு, நான் என்னா ஜோசியமா பாக்கறேன்" என்பாள். வாய் சொல்லாததை அவளுடைய மரியாதை சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே அவள் கண்ணில் பட்டார்கள். திட்டு வாங்கிக்கொண்டவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

இது எதுவும் அவளுக்குத் தெரியாது. நான்தான் ஒருநாள் பஸ்ஸில் சொன்னேன்.

"அக்கா, நீ மரியாதையா பேசினா ஜனங்க பயப்படறாங்க."

"என்னாடி உளர்றே?"

ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். மீன்காரம்மா கதையையும் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லலியேடி" என்றாள் பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல. "அவங்களைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குது. அவ்ளோதான்."

ஒருமுறை கடைக்கு விடுமுறை என்று தெரியாமல் பாண்டிக்குப் போய்விட்டேன். மழை வேறு. அக்காவின் லேபுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். வேலை ஓய்ந்த நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டு, ஜன்னல் இல்லாத சின்ன இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். எல்லாருடைய பரிசோதனையும் அவளிடம் வராது. புற்றுநோய் என்று முடிவானவர்களில் சிலருக்கு, எந்த மருந்து பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள, சதைத் துணுக்கை அனுப்புவார்கள். அதில் ஒரு ஜீன் எத்தனை இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் அவள் வேலை.

கறுப்பாக இருந்தது. நடுவில் நீல உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சிவப்புப் புள்ளி.

"அது நல்ல செல்லு. செவப்பா இருக்கறதுதான் நாங்க தேடற ஜீன். அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. செல்லுக்கு 'வளரு'ன்னு சொல்றதுதான் அதோட வேலை." ஸ்லைடை நகர்த்தினாள். "இப்ப பாரு."

உருண்டை முழுக்கச் சிவப்பு. மிளகாய்த்தூளை அள்ளித் தூவியதுபோல. பக்கத்து உருண்டையில் அதைவிட அதிகம். அதற்குப் பக்கத்தில் ஒன்றில் மட்டும் ஏதோ நாலைந்துதான் இருந்தது.

"எப்படிக்கா இவ்ளோ வந்துச்சு?"

"குரோமோசோம்லேருந்து ஒரு துண்டு பிஞ்சு வெளிய வந்துடும். ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டு வளையமாயிடும். அப்புறம் அது பாட்டுக்குத் தனியா பெருகிட்டே போவும். ரெண்டு இருந்தா அளவா 'வளரு'ன்னு சொல்லும். இவ்ளோ இருந்தா?" என்னைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத் தானே கண்ணை வைத்தாள். "செல்லு ரெண்டா பிரியறப்ப குரோமோசோம் எல்லாம் சமமா பங்காவும். இழுத்துப் பங்கு போட அதுல ஒரு பிடி இருக்குது. இந்த வளையத்துக்குப் பிடி கெடையாது. அது இஷ்டத்துக்குப் போவும். ஒரு செல்லுக்கு எக்கச்சக்கமா போய்ச் சேரும். இன்னொண்ணுக்கு ஒண்ணு ரெண்டு, இல்ல ஒண்ணுமே இருக்காது."

"அப்ப அது நல்லதாயிடுமா?"

"ஆவாது. அதுவும் புத்துதான். அதனாலதான் எனக்கு பயம். மருந்து குடுத்தா நெறைய வெச்சிருக்கற செல்லெல்லாம் செத்துடும். கம்மியா வெச்சிருக்கறது மருந்து கண்ணுல படாது. ஸ்கேன்ல கட்டி சுருங்கியிருக்கும். வீட்டுல கேசரி கிண்டுவாங்க. அது உள்ளயே உக்காந்திருக்கும்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் திட்டும் இல்லை, மரியாதையும் இல்லை. இருட்டில் முகமும் தெரியவில்லை. வெளியே வந்ததும் என் குடையில் கம்பி உடைந்திருப்பதற்காகத் திட்டினாள்.

அதே தெருவில் இருந்த என் அண்ணனுக்கு வயிற்றுவலி வந்தது அதற்கு அடுத்த வருஷம். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தான். வாயுத் தொல்லை என்று மாத்திரை போட்டே மாதங்களை ஓட்டிவிட்டான். சோறு இறங்காமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். டியூப் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று என்றார்கள். எடுத்த சதைத் துணுக்கை இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாக டாக்டர் சொன்னபோது அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மறுவாரம் பஸ் ஸ்டாப்பில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். "சாப்பிட்டியாம்மா?" என்றாள். வந்த பஸ்ஸில் ஏறாமல் நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினார். "இந்த ஜீன் ரொம்ப பெருகியிருக்குது. அது ஒரு விதத்துல நமக்கு வசதி. இதைக் குறிவெச்சு அடிக்கற மருந்து இருக்குது." மருந்து ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் பாண்டிக்குப் போய்வந்தான். வலி குறைந்தது. சோறு இறங்கியது. கன்னம் பழையபடி ஆனது. ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்றார்கள். அண்ணி கேசரி கிண்டினாள். ஒரு கிண்ணத்தில் போட்டு அக்காவுக்கும் கொடுத்தனுப்பினாள்.

அண்ணனுக்கு மட்டும் நிம்மதி இல்லை. அவனும் அக்காவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சின்ன வயதிலிருந்து அவள் அவனை 'டேய்' போட்டுத்தான் பேசுவாள். நோய் வந்ததிலிருந்து அந்த 'டேய்' நின்றுபோயிருந்தது.

"வழியில பார்த்தா 'உடம்பு எப்படி இருக்குதுங்க'ன்னு கேக்கறா. அதான் அவ வர்ற வழிக்கே இப்ப போவறதில்ல" என்பான். "ஸ்கேன் என்னா வேணா சொல்லட்டும். அவ என்னை ஒரு தடவை திட்டட்டும், அப்புறம் நம்பறேன்."

இதை நான் அக்காவிடம் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னேன். சிரிப்பாக இருக்கட்டும் என்று பஸ்ஸில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மழை முடிந்து, பொங்கலும் போய், உப்பளத்தில் பாத்திகளைச் சரிசெய்யும் காலம் வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் அண்ணனுக்கு மறுபடியும் டியூப் விட்டுப் பார்த்திருந்தார்கள். புண் ஏறக்குறைய ஆறிவிட்டது, ஒரு சின்ன இடம்தான் மிச்சம் என்று டாக்டர் அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பியிருந்தார். அண்ணன் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று உப்பளத்துக்குப் போயிருந்தான். ஆட்கள் பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாயங்காலப் பஸ்ஸிலிருந்து அக்கா அங்கேயே இறங்கி வரப்பில் நடந்து வந்திருக்கிறாள்.

"டேய்!"

ஆட்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம்.

"கல்லு மாதிரி நிக்கறியே, எருமை! ஆறு மாசமா கட்டில்ல படுத்துத் தின்னது பத்தலையா? சட்டையைப் பாரு, பந்தல்ல கிழிஞ்ச துணி மாதிரி. உன்னை நம்பி பத்து பேரு இங்க வேலை செய்யறாங்க, நீ வேடிக்கை பாக்க வந்திருக்கியா? போடா, போய் வேலையைப் பாரு!"

அண்ணன் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததை என்னால் மறக்க முடியாது. அழுதுகொண்டே சிரித்தான். அக்கா மாதிரியே இடுப்பில் கைவைத்து நின்று நடித்துக் காட்டினான். அண்ணி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை, போன வருஷ உப்புக் குவியலைப் பார்த்துக்கிட்டே கத்தறா" என்று அண்ணன் சொல்லிச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். தெருவுக்கே சேதி பரவியது. எதிர் வீட்டுக்காரர் வந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாளிலிருந்து அண்ணன் உப்பளத்துக்குப் போக ஆரம்பித்தான். விடியற்காலையில் போய் இருட்டும்போது வருவான். ரிசல்ட்டுக்கு வரச்சொல்லியிருந்த நாளில் பாண்டிக்குப் போனான். திரும்பி வந்து, "எல்லாம் சரியாயிடுச்சு, இனிமே மருந்து வேணாம்னு சொல்லிட்டாரு டாக்டர்" என்றான். அண்ணி நம்பினாள். நானும் நம்பினேன். அக்கா என்னிடம் அதுபற்றிக் கேட்கவே இல்லை. பஸ்ஸில் கண்டக்டரைத் திட்டினாள், பையன்களைத் திட்டினாள். என் பக்கம் மட்டும் திரும்பாமல் வந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை. பஸ் பொம்மையார்பாளையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பேச்சுவாக்கில், "அண்ணனும் அண்ணியும் பெருமுக்கல் மலையேறப் போயிருக்காங்கக்கா, வேண்டுதல்" என்றேன்.

அக்கா திரும்பினாள். "மலையா? இந்த உடம்போடவா? புது மருந்து ஏத்திக்கிட்டு மலையேற முடியுதா?"

"என்னா புது மருந்து? அதான் மருந்தே வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரே."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாயின. "எந்த டாக்டர் சொன்னாரு? எப்ப சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து, "நிறுத்துப்பா! வண்டியை நிறுத்து!" என்று கத்தினாள். நானும் பின்னால் இறங்கினேன். ரோட்டைக் கடந்து மரக்காணம் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் வரும்வரை அவள் துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அண்ணனும் அண்ணியும் மத்தியானம் திரும்பி வந்தார்கள். அண்ணன் நெற்றி நிறைய விபூதி, வியர்வை. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடி! வேலைக்குப் போவாம என்னைத் திட்டறதுக்குன்னே லீவு போட்டியா?"

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போவலை?"

"போனேனே."

"பொய் சொல்லாத. நீ போவலை."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். திரும்ப அந்த ஊசி, அந்த வாடை. ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு, கட் பண்ணிட்டேன். அதான் நீ திட்டிட்டியே. அப்புறம் எதுக்கு டாக்டர்?"

உட்காரச் சொன்னதற்கு அக்கா உட்காரவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றாள். இருட்டறையில் நான் கேட்ட அந்தக் குரலில் சொன்னாள்:

"மொத சாம்பிள்ல செவப்பு நெறைய இருந்துச்சு. அதைக் குறிவெச்சுத்தான் மருந்து குடுத்தாங்க. ரெண்டாவது சாம்பிள்ல செவப்பு இல்ல."

"இல்லன்னா நல்லதுதானேக்கா?" என்றாள் அண்ணி.

"புத்து செல்லு இருக்குது. செவப்புதான் இல்ல. மருந்து புடிக்கற இடம் போயிடுச்சு. மிச்சம் இருக்கறதை அந்த மருந்து ஒண்ணும் பண்ணாது, வேற மருந்து மாத்தணும். அதைச் சொல்லத்தான் டாக்டர் அன்னிக்கு வரச்சொன்னாரு. நீ போய்க் கேட்டிருப்பேன்னு நெனைச்சேன். இத்தனை நாளா கேட்டிருப்பேன்னுதான் நெனைச்சேன்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"உனக்கு இது தெரிஞ்சுதான் அன்னிக்கு வந்தியா? உப்பளத்துக்கு?"

"ம்."

"அப்ப எதுக்குத் திட்டினே?"

"டாக்டர் சொல்றவரைக்கும் நாலு நாள் நீ நிம்மதியா தூங்கட்டும்னு."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "தூங்கினேன்" என்றான். "நல்லாத்தான் தூங்கினேன்." பிறகு எழுந்து போய்த் தொட்டியில் தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் நான்தான் அவனை அழைத்துப் போனேன். டாக்டர் வேறு மருந்து தொடங்கினார். அதற்குள் ஈரலில் பரவியிருந்தது. அந்தச் சில வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்குமா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது, பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது என்றார். அதை அப்படியே அண்ணியிடம் வந்து சொன்னேன். அவள் காதில் அது ஏறவே இல்லை.

கடைசி மாதங்களில் அண்ணன் அக்காவைக் கூப்பிட்டனுப்பினான். அவள் வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். "எப்பவும் போல பேசுடி" என்றான். அக்கா வாயைத் திறந்தாள். 'டேய்' என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. அவன் கால்மாட்டில் கசங்கியிருந்த போர்வையை நீவிவிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வருஷ உப்பு வாரி முடிவதற்குள் அண்ணன் போய்விட்டான். எடுக்கிற அன்று அக்கா வாசலுக்கு வெளியே ஆண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். அண்ணி அவளைப் பார்த்துவிட்டாள். அழுகையை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "இப்ப யாரைத் திட்ட வந்திருக்கே?"

அக்கா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலம் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவள் யாரிடமும் பேசவில்லை. வேறு பஸ்ஸில் போனாள். ஒருநாள் திடீரென்று பழைய பஸ்ஸில் ஏறினாள். ஏறும்போதே கண்டக்டரைத் திட்டினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"லேபுல சொல்லிட்டேன்டி. இனிமே ஸ்லைடுல பேரை மறைச்சு நம்பரை மட்டும் போட்டுக் குடுக்கச் சொல்லிட்டேன். ஆணா பொண்ணா, என்னா வயசு, அவ்ளோதான் தெரியும். யாருதுன்னு எனக்குத் தெரிய வேணாம். இனிமே நான் பாட்டுக்கு எல்லாரையும் திட்டலாம்."

சொன்னபடியே எல்லாரையும் திட்டினாள். ஆனால் தெருவில் யாரும் அதற்காகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். அவள் குரல் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு.

பிறகு என் முறை வந்தது. மார்பில் ஒரு கட்டி. வலி இல்லாததால் நானும் கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். புற்று என்று டாக்டர் சொன்னபோது கணவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். "இன்னொரு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். எந்த மருந்துன்னு அது வந்ததும் முடிவு பண்ணலாம்" என்றார். எங்கே அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன லேபின் பெயரைக் கேட்டபிறகு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அண்ணியிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா யாரையும் திட்டாமல் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் அமர்ந்தாள். கோட்டக்குப்பம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்:

"இன்னிக்கு ஒரு ஸ்லைடு பார்த்தேன்டி. இத்தனை வருஷத்துல அப்படிப் பார்த்ததில்ல. எண்ணவே முடியலை. ஒவ்வொரு செல்லும் ரொம்பி வழியுது. கண்ணை எடுத்துட்டு வெளிய போய் நின்னுட்டேன்."

"யாருதுக்கா?" என்றேன்.

"தெரியாதே. அதான் தெரியக்கூடாதுன்னு ஏற்பாடு பண்ணிட்டேனே. பொம்பள. நாப்பத்தாறு வயசு." துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "முன்னல்லாம் யாருன்னு தெரியும், அந்த ஒரு ஆளைப் பார்த்தாத்தான் பயமா இருக்கும். இப்ப பஸ்ல ஏறினா அந்த வயசுல இருக்கற ஒவ்வொருத்தியையும் பாக்கறேன். இவளா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு. இது அதைவிட மோசமா இருக்குதுடி."

முன் சீட்டுகளில் இருந்த பெண்களை அவள் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பூக்கூடையோடு ஒருத்தி, தூங்கிக்கொண்டு ஒருத்தி, போனில் பேசிக்கொண்டு ஒருத்தி. என் வயது அவளுக்கு நினைவில் இல்லை. அவளைப் பொறுத்தவரை நான் எப்போதும் அண்ணனுடைய சின்னத் தங்கச்சி.

அடுத்த வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்த ஜீன் நிறையப் பெருகியிருக்கிறது, அதற்கு மருந்து இருக்கிறது, மார்பில் வருவதற்கு அந்த மருந்து நன்றாகவே கேட்கும் என்று சொன்னார். அந்த ஸ்லைடு என்னுடையதுதானா என்று அக்காவை நான் கடைசிவரை கேட்கவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கைகள் சில்லிட்டுப் போயிருந்ததால் மடியில் இருந்த பைக்கு அடியில் அவற்றை நுழைத்துக்கொண்டேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்குது?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த வார்த்தையிலிருந்து அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்லக்கா. மத்தியானம் சாப்பிடலை."

"சாப்பிடலையா? ஏன், கடையில சேலையைத் தின்னுட்டு வந்துட்டியா? மாடு மாதிரி வளர்ந்திருக்கே, வேளைக்கு சோறு திங்கத் தெரியலை. தலையைப் பாரு, குருவிக்கூடு. இப்படியே போனா ஒருநாள் பஸ்லயே மயங்கி விழுவே, நான்தான் தூக்கிட்டுப் போவணும்..."

சொல்லிக்கொண்டே போனாள். வெளியே உப்பளங்கள் வந்தன. அவள் கண்ணை மூடிக்கொள்ள மறந்துவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, இடையிடையே நான் "ஆமாக்கா, ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.